சேறோடித் துளை

திருச்சுழி என்னும் ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. ஊழிக்காலத்தில் பெருகி வந்த வெள்ளத்தைச் சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு, அத்துளைக்குள் சுழித்து இறங்கிப் போகும்படி செய்தார். வெள்ளம் சுழித்த இடம் சுழியல் ஆயிற்று. சுந்தரர் தேவாரத்திலும் ஊர் திருச்சுழியல் என்றே வழங்கப்படுகிறது. குண்டாற்றங்கரையில், திருமேனிநாதர் கோயிலின் முன் நின்று இந்தக் கதையைக் கேட்கிற வெளியூர் நண்பர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுகிறார்கள். ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கிற ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெள்ளக் கதையைக் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கதையைக் கட்டிய மனத்தை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். வெள்ளத்தை அணைபோட்டு நிறுத்துகிற இறைவனை அது கற்பனை செய்யவில்லை. வருவது வந்துகொண்டேதான் இருக்கும், போவதற்கு ஒரு துளை வேண்டும் என்று எண்ணியிருக்கிறது. வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் புரியாமல் இருந்தது. கண்மாய்களைப் பற்றிய சொற்களைச் சேகரிக்கத் தொடங்கிய பிறகே விளங்கிற்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி என விரியும் இந்த வறண்ட நிலப்பரப்பில் நீரைப் பற்றிய கவலை எல்லோருக்கும் தெரிந்தது. வெளியில் அதிகம் தெரியாத இன்னொரு கவலை சேற்றைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழையில் வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு வரும் நீர், கூடவே மண்ணையும் சுமந்து வருகிறது. நீர் வயலுக்குப் போய்விடும், மண் தங்கிவிடும். ஒவ்வோராண்டும் ஒரு விரற்கடை உயர்ந்தாலும் போதும், ஒரு தலைமுறைக்குள் கண்மாயின் வயிறு மேடாகி, அதன்மேல் சீமைக்கருவேலம் முளைத்து நிற்கும். கரை அதே கரைதான், பரப்பும் அதே பரப்புதான். ஆனால் நீர் நிற்க இடமிராது. கண்மாய் பெரும்பாலும் உடைப்பெடுத்துச் சாவதில்லை. தான் ஏற்றுக்கொண்டதைக் கழிக்க வழியில்லாமல், நிரம்பியே சாகிறது.

பாண்டி நாட்டுத் தச்சர்கள் இதை அறிந்திருந்தார்கள். பழைய கண்மாய்களின் உள்வாயில் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பேருந்தில் போகும்போது வாசக நண்பர்கள் பார்த்திருக்கக்கூடும். கோயில் இடிந்து எஞ்சியதோ என்று தோன்றும். அது குமிழித் தூம்பு. தூண்களின் அடியில், கண்மாய்த் தரையில், கல்லால் ஆன ஒரு பெட்டி புதைந்திருக்கும். பெட்டியின் மேல்மூடியில் ஒரு துளை. அதற்கு நீரோடித் துளை என்று பெயர். பெட்டியின் கீழ்ப்புறத்தில், தரைமட்டத்தில் வேறு துளைகள். அவை சேறோடித் துளைகள். மேல்துளையை அடைத்திருக்கும் கல்லை நீர்பாய்ச்சி மூழ்கித் தூக்கிவிட்டால் நீர் வேகமாக உள்ளே பாயும். அந்த இழுவிசையில் அடித்துளைகள் வழியே சேறும் உறிஞ்சப்பட்டு, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக வயற்கால்வாய்க்கு வந்து சேரும். நீர் பாய்ச்சுகிற செயலே தூரும் எடுக்கிற செயலாக ஆகிவிடுகிறது. தனியே யாரும் நினைவு வைத்திருந்து செய்யவேண்டிய வேலையாக அது இல்லை. கட்டும்போதே கழிவுக்கு ஒரு துளை செதுக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கட்டுரை உண்மையில் லினக்ஸ் கணினி ஒன்றைப் பற்றியது. கண்மாயிலிருந்து கணினிக்குத் தாவுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் தமிழ்த்துறை அறையில் இவ்விரண்டும் ஒரே மேசையின் மேல்தான் இருந்தன.

*

கண்மாய்ப் பாசனம் சார்ந்த வட்டாரச் சொற்களை மாணவர்களைக் கொண்டு ஒலிவடிவில் சேகரிக்கும் பணியை நாங்கள் மூவர் தொடங்கினோம். கலுங்கு, மறுகால், உள்வாய், கரம்பை, மடைக்குடும்பன் போன்ற சொற்கள் அகராதிகளில் கிடைக்கின்றன. ஆனால் அச்சொற்களைத் தொழிலில் பயன்படுத்தியவர்களின் குரல் எங்கும் இல்லை. மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிக் கைபேசியில் பதிந்து, ஊரிலிருந்தபடியே அனுப்பிவிடலாம். கல்லூரியில் எல்லோரும் கைவிட்ட பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவப்பட்டு, குரல்களைப் பெற்று அடுக்கிவைக்கும் செயலி ஒன்றும் அமைக்கப்பட்டது. அமைத்துக் கொடுத்தவர் பிறகு வேலை மாறி வெளியூர் சென்றுவிட்டார். பொட்டி மட்டும் அலமாரி ஓரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வரும் மாணவி, தம் தாத்தாவின் குரலைப் பதிந்திருந்தார். அவர் இளமையில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். குமிழித் தூம்பில் மூழ்கிக் கல்லைத் தூக்கிய தலைமுறையின் கடைசி ஆட்களில் ஒருவர். நாற்பது நிமிடம் பேசியிருந்தார். அந்தப் பதிவைத்தான் எங்கள் கணினி ஏற்க மறுத்தது.

“ஐயா, எத்தன தடவ அனுப்பினாலும் இடமில்லைன்னே வருதுங்கய்யா” என்றார் மாணவி. மூன்று நாட்கள் முயன்றிருக்கிறார். நல்லவேளையாக, கைபேசியில் இருந்ததை அழிக்காமல் வைத்திருந்தார்.

இடமில்லை என்பது வியப்பாக இருந்தது. அதுவரை வந்து சேர்ந்த குரல்கள் எல்லாம் சேர்ந்தும் வட்டின் ஒரு மூலைக்குத்தான் காணும். கணினித்துறை நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வட்டின் பெரும்பகுதியை ஒரே ஒரு கோப்பு அடைத்துக்கொண்டிருப்பதைக் காட்டினார். அது லாக் கோப்பு.

லாக் என்னும் சொல்லுக்குக் கட்டை என்பதே மூலப்பொருள். பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சிட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கைநழுவிப் போயின என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையை எழுதிவைத்த ஏடு லாக் புத்தகம் ஆயிற்று. இன்று சேவைக் கணினிகளில் ஓடும் மென்பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படி ஓர் ஏட்டை எழுதிக்கொண்டிருக்கின்றன. யார் வந்தார், எப்போது வந்தார், எதைக் கேட்டார், கிடைத்ததா இல்லையா என்பதை வரிக்கு ஒன்றாகக் குறிக்கின்றன. கோளாறு வரும்போது இந்த ஏடுதான் சாட்சி. கோளாறு இல்லாத நாட்களில் யாரும் அதைத் திறப்பதில்லை. எழுத்து மட்டும் நிற்பதில்லை.

எங்கள் ஏட்டில் இருந்தவை என்ன? இணையத்தில் திறந்திருக்கும் எந்தக் கணினியின் கதவையும் உலகெங்கிலுமிருந்து தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். ‘ரூட்’ என்ற பெயரில் நுழையலாமா, ‘அட்மின்’ என்ற பெயரில் நுழையலாமா, இந்தக் கடவுச்சொல் திறக்குமா என்று இரவும் பகலும் முயன்று பார்க்கும். ஒவ்வொரு தட்டலும் ஒரு வரி. அருப்புக்கோட்டையின் ஒரு கல்லூரி அறையில் கிடந்த அந்தப் பொட்டி, முகம் தெரியாத இயந்திரங்களின் தட்டல்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி எழுதி, கடைசியில் எந்தக் குரலுக்காக அது வைக்கப்பட்டதோ அந்தக் குரலுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. நினைவு நிரம்பிவிட்டால் அதற்கு அப்பால் எதுவும் நினைவில் ஏறாது. இதை நாங்கள் இலக்கிய வகுப்பில் வேறு சந்தர்ப்பங்களில் சொல்லியிருக்கிறோம். இம்முறை ஓர் இயந்திரம் சொல்லிற்று.

*

லினக்ஸில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. லாக்ரொட்டேட் என்னும் சிறு நிரல் பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. ரெட் ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ட்ரோன் எழுதத் தொடங்கியது. அது செய்வது எளிய வேலை. நடப்பு ஏட்டின் பெயரை மாற்றி ‘ஒன்று’ என்று இலக்கமிடும். ஏற்கெனவே இருந்த ஒன்றை இரண்டாக்கும், இரண்டை மூன்றாக்கும். வரம்பைத் தாண்டியதை நீக்கும். புதிய வெற்று ஏட்டைத் திறந்துவைக்கும். மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்குப் போவது போல, ஒவ்வொன்றும் தன் அடுத்ததின் இடத்திற்கு நகரும். கடைசிக் கண்மாயின் கலுங்கு வழியே மிகுதி வெளியேறும்.

அப்படியானால் எங்கள் கணினியில் ஏன் அது நடக்கவில்லை? விடை எளிது. லாக்ரொட்டேட் தனக்குச் சொல்லப்பட்ட கோப்புகளை மட்டுமே கவனிக்கும். அமைப்போடு வரும் மென்பொருள்கள் தத்தம் குறிப்பை உரிய அடைவில் வைத்துவிடுகின்றன. அவற்றுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. தனியே எழுதி நிறுவப்பட்ட செயலியோ தன் ஏட்டைத் தன் சொந்த அடைவில் எழுதிக்கொண்டிருந்தது. அதற்கென ஒரு குறிப்பு யாராலும் எழுதப்படவில்லை. சேறோடித் துளையும் அப்படித்தான்; தூம்பைச் சுற்றியுள்ள சேற்றை இழுக்கும், கண்மாயின் மறுகோடியில் படிவதை அது அறியாது. அதற்கு மண்வெட்டிதான் வேண்டும்.

இடிசி அடைவுக்குள் லாக்ரொட்டேட்.டி என்றொரு உள்ளடைவு உண்டு. அங்கே ஏறக்குறைய பத்து வரிகளில் ஒரு கோப்பு எழுதினோம். கணினி நண்பர் சொல்லச் சொல்ல, தமிழாசிரியர்களாகிய நாங்கள் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டே எழுதினோம். முதல் வரியில் ஏட்டின் முகவரி. பிறகு வளைவு அடைப்புக்குள் வரிக்கு ஒரு கட்டளை. ‘வீக்லி’ என்றால் வாரம் ஒருமுறை சுழற்றுக. ‘ரொட்டேட் 26’ என்றால் பழைய ஏடுகள் இருபத்தாறு வைத்துக்கொள்க. ‘கம்ப்ரஸ்’ என்றால் பழையவற்றைச் சுருக்குக. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் லாக் கோப்புகள் மிக நன்றாகச் சுருங்கும். ‘மிஸ்ஸிங்ஓகே’ என்றால் ஏடு இல்லாவிட்டால் கூச்சலிட வேண்டாம். ‘நாட்இஃப்எம்ப்டி’ என்றால் வெற்றேட்டைச் சுழற்ற வேண்டாம். ‘கிரியேட்’ என்றால் புதிய ஏட்டை இன்னாருக்கு உரிமையாக, இன்னார் மட்டும் படிக்கத்தக்கதாக உண்டாக்குக.

இவற்றுள் எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தது, சுழற்றிய பின் செய்யவேண்டியதைச் சொல்லும் ‘போஸ்ட்ரொட்டேட்’ பகுதி. லினக்ஸில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. ஒரு நிரல் ஏட்டைத் திறக்கும்போது பெயரைச் சொல்லித்தான் கேட்கிறது. திறந்தபின் பெயரை மறந்து, பொருளையே பிடித்துக்கொள்கிறது. நாம் பின்னால் பெயரை மாற்றினாலும் அது பழைய ஏட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கும். புதிய ஏடு வெறுமையாகக் காத்துக்கிடக்கும். ஆகவே சுழற்றிய கையோடு நிரலுக்கு ஒரு சமிக்ஞை கொடுத்து, பிடியை விட்டுப் பெயரைப் புதிதாகக் கேட்டுத் திறக்கச் சொல்லவேண்டும். சமிக்ஞைக்குச் செவிசாய்க்காத நிரல்களுக்கு ‘காப்பிட்ரங்கேட்’ என்னும் வழி உண்டு: ஏட்டைப் படியெடுத்துவிட்டு மூலத்தை வெறுமையாக்குவது. படியெடுத்து முடிந்த கணத்துக்கும் அழிக்கும் கணத்துக்கும் இடையே எழுதப்படும் சில வரிகள் தொலைந்துபோகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. எங்கள் செயலி சமிக்ஞையைப் புரிந்துகொண்டது. அந்த இழப்பு நேரவில்லை.

இதே காரணத்தால்தான், நிரம்பிய வட்டைக் காலிசெய்யப் பலர் அவசரத்தில் லாக் கோப்பை நீக்கிவிட்டு, இடம் திரும்பவில்லையே என்று திகைக்கிறார்கள். பெயர்தான் போயிருக்கும். நிரல் பிடித்துக்கொண்டிருக்கும்வரை பொருள் போகாது. நிரலை நிறுத்தித் தொடங்கினால்தான் இடம் விடுபடும். ‘டிலேகம்ப்ரஸ்’ என்னும் கட்டளைக்கும் இதுவே காரணம். அண்மையில் சுழன்ற ஏட்டை உடனே சுருக்காமல் ஒரு சுற்று தாமதித்தால், பிடியை இன்னும் விடாத நிரலின் கடைசி வரிகள் அதற்குள் வந்து அடங்கிவிடும்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால் மூன்று செய்திகளை இங்கே குறிக்கிறோம். ஒன்று, ‘டி’ என்னும் விருப்பக்குறியோடு ஓட்டினால் லாக்ரொட்டேட் எதையும் தொடாமல், தான் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் சொல்லும். முதலில் அதைப் படிப்பது நல்லது. இரண்டு, புதிய ஏட்டை முதன்முறை காணும்போது அது சுழற்றாது. அன்றைய தேதியைத் தன் நிலைக்கோப்பில் குறித்துக்கொண்டு, காலம் நிறைந்த பிறகே வேலையைத் தொடங்கும். வேலை செய்யவில்லை என்று மனம் தளரவேண்டாம். மூன்று, மின்வெட்டுள்ள ஊர்களில் கணினி அணைந்திருந்த நேரத்தில் முறை தவறிப்போகுமே என்ற ஐயம் எழும். இப்போதைய அமைப்புகள் பலவற்றில் சிஸ்டம்டியின் நேரக்கருவி, கணினி மீண்டும் விழித்தவுடன் விட்டுப்போன முறையை நிறைவேற்றிவிடுகிறது.

*

இருபத்தாறு என்ற எண் எப்படி வந்தது? இங்கேதான் நாங்கள் மூவரும் ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்விக்குத் தமிழகத்தில் இரண்டு பழைய மரபுகள் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. ஒன்று எண்ணிக்கை மரபு. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைத் தானமாகக் கொடுத்த கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடர் வரும். சோழ நாட்டில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். ஆடு சாகும், மூக்கும்; ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது, விளக்குக்கு நெய் நிற்கக்கூடாது. தனி ஆட்டின்மேல் யாருக்கும் பற்றில்லை. ‘ரொட்டேட் 26’ என்பது இந்த மரபில் வருவது. அது ஏட்டை எண்ணுகிறது, நாளை எண்ணுவதில்லை.

மற்றொன்று கால மரபு. அரசு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களின் தலைப்பில் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. ஒரு கோப்பை மூடும்போதே அதன் ஆயுளும் அதன் தலையில் எழுதப்பட்டுவிடுகிறது. அலுவலகத் தமிழ் என்று நாம் கேலி செய்யும் மொழிக்குள் மறதியைப் பற்றி இவ்வளவு தெளிவான சிந்தனை இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தோம். எது முக்கியம் என்று தூசியும் கறையானும் சேர்ந்தபின் முடிவு செய்வதில்லை. கோப்பை நன்கறிந்தவரின் கையில் அது இருக்கும்போதே முடிவாகிறது.

இவ்விரு மரபுகளும் ஒன்றோடொன்று மோதக்கூடும். ஏடு குறித்த அளவைத் தாண்டினால் வாரத்தை எதிர்பாராமல் சுழற்றச் சொல்லும் ‘மேக்ஸ்சைஸ்’ என்ற கட்டளை உண்டு. அதைச் சேர்த்தால், தட்டல்கள் மிகுந்த ஒரு வாரத்தில் பல ஏடுகள் நிரம்பிவிடும். எண்ணிக்கை இருபத்தாறாகவே இருக்கும்; காலமோ சில வாரங்களாகச் சுருங்கிவிடும். வரம்பில்லாமல் விட்டால் வட்டு நிறையும். எதை உறுதியாகப் பிடித்துக்கொள்வது என்பதை மென்பொருள் தீர்மானிக்காது, நாம்தான் தீர்மானிக்கவேண்டும்.

இந்தியக் கணினி அவசரகால உதவிக்குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த கட்டளை, சேவை நிறுவனங்களும் தரவு மையங்களும் அரசு அமைப்புகளும் தம் கணினி அமைப்புகளின் லாக்குகளை உருளும் 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எங்கள் பழைய பொட்டி அதன் வரையறைக்குள் வருமா என்ற வழக்கிற்குள் போகாமல், அந்த அளவையே எடுத்துக்கொண்டோம். இருபத்தாறு வாரம் என்றால் 182 நாள். மேக்ஸ்சைஸை விட்டுவிட்டு, தட்டல்களைத் தடுக்கத் தனியே வழி செய்தோம். உருளும் என்ற அடைமொழி எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆடுகளின் மந்தையும் அலுவலகக் கோப்பும் அந்தச் சொல்லில் சந்தித்துக்கொள்கின்றன.

*

நிரந்தர முடிவு எதற்கு? குரல்களுக்கு. அவற்றை வட்டின் தனிப்பகுதி ஒன்றுக்கு மாற்றினோம். லாக் எவ்வளவு பெருகினாலும் அப்பகுதிக்குள் நுழைய இயலாது. வாரந்தோறும் இரண்டு வெளிவட்டுகளில் படியெடுத்து, ஒன்றை நூலகத்தில் வைக்கிறோம்.

இந்தப் பிரிவினையை நாங்கள் வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் தொகுத்துவைத்த ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சென்ற உ.வே.சாமிநாதையர், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொல்லப்பட்ட செய்தியை எழுதியிருக்கிறார். தமிழ் படித்தவர்கள் அனைவரும் கேட்டுக் கொதித்த செய்தி. கொதிப்பு அடங்கியபின் யோசித்தால், தீயில் இடுவதற்கு ஒரு விதி இருந்திருக்கிறது என்பது தெரிகிறது. பனையோலை நெடுங்காலம் தாங்காது. படியெடுத்தபின் பழையதைக் கழிப்பது அந்த ஊடகத்தின் இயல்பு. படியெடுத்தல் நின்றுபோனது. கழித்தல் மட்டும் விதியாகத் தொடர்ந்தது. காப்பிட்ரங்கேட்டில் முதற்பாதி இல்லாமல் பிற்பாதி மட்டும் ஓடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. எதைச் சுழற்றுவது, எதைச் சுழற்சிக்கு வெளியே வைப்பது என்று ஏட்டின் தலையில் எழுதிவைக்க ஆளில்லாதபோது, செய்யுளும் குப்பையும் ஒரே நெய்யில் தோய்கின்றன.

அந்த நீர்பாய்ச்சிப் பெரியவரின் குரல் இப்போது நிரந்தர முடிவில் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் பேத்தி, “தாத்தா, கீழ ஓட்ட எதுக்கு?” என்று கேட்கிறார். “மேல ஓட்டையில தண்ணி, கீழ ஓட்டையில சேறு தாயி. ரெண்டும் சேந்து போனாத்தான் கம்மா கம்மாயா இருக்கும். தண்ணிய மட்டும் வித்துத் தின்னா, கம்மா மேடாப் போகும்” என்கிறார் பெரியவர். வந்த சேறு வீணாகவில்லை என்றும், கோடையில் கரம்பை அள்ளி வண்டியில் ஏற்றிப் புஞ்சைக்கு அடித்ததால்தான் பருத்தி நின்றது என்றும் தொடர்கிறார். கழிவு என்று ஒன்றைத் தனியே ஒதுக்காத பேச்சு அது.

அவர் சென்ற ஆவணியில் காலமானார்.

அதன்பின் ஒரு நாள், சுழற்சி சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக லாக் ஏடுகளைத் திறந்தோம். இயந்திரங்களின் தட்டல்கள் குறைந்து, மனிதர்கள் வந்துபோன தடங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றிடையே ஒரே ஒலிக்கோப்பு, ஒரே கைபேசியிலிருந்து, ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குமேல் கேட்கப்பட்டிருந்தது. எந்தக் கோப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நிமிடத்தில் பெரும்பாலும் முதல் சில நிமிடங்கள் மட்டும்.

நாங்கள் ஏட்டை மூடிவிட்டோம். நீண்டநேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களுள் ஒருவர், இதை வைத்திருக்கவேண்டும், ஓர் ஆவணத்தின் பயனுக்கு இதைவிடச் சான்று வேறென்ன என்றார். மற்றவர், இது நமக்குச் சொல்லப்பட்ட செய்தி இல்லை என்றார். இரண்டும் உண்மைதான். ஆவணம் பயன்படுகிறதா என்று அறிய விரும்புவது எங்கள் ஆசை. இருட்டில் ஒரு வீட்டில் யார் யாரை நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அந்த வீட்டின் உடைமை. 2023 ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சேகரித்த நோக்கம் முடிந்தபின் தனிநபர் தரவை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, நீக்கிவிடவேண்டும் என்னும் கொள்கையை ஏற்றிருக்கிறது. நாங்கள் அன்று சட்டத்தை நினைக்கவில்லை. அலமாரி ஓரத்தில் இரையும் ஒரு பொட்டிக்கு ஒருவருடைய துக்கத்தின் நேரமும் தேதியும் தெரிந்திருப்பதே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

கல்வெட்டு மரபில் வந்த நமக்கு எதையும் அழியாமல் காப்பதே அறம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோயில் சுவரில் பாண்டியர் காலத்து எழுத்துகளைத் தடவிப் பார்க்கும்போது அந்தப் பழக்கம் நியாயமாகவே தோன்றும். ஆனால் கல்லில் வெட்டியவர்கள் எல்லாவற்றையும் வெட்டவில்லை. ஊரறியச் சொல்லவேண்டிய கொடையை, எல்லையை, கடமையை வெட்டினார்கள். இரவில் யார் கோயிலுக்கு வந்து அழுதார்கள் என்பதை எழுதக் கல்தச்சரை யாரும் அழைக்கவில்லை. இன்றைய இயந்திரத்துக்கு அந்த விவேகம் இல்லை. அது எல்லாவற்றையும் வெட்டுகிறது. ஆகவே விவேகத்தை வேறு வடிவில், பத்து வரிக் கோப்பாக, நாம் அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் எண்ணை மாற்றவில்லை. ஏடுகளைப் படிக்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் என்று சுருக்கினோம். கோளாறு நேர்ந்தாலன்றித் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். மாணவியிடம் இதுபற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் தேர்வெழுதி முடித்துச் சென்றுவிட்டார். குரல் அங்கேயே இருக்கிறது, அவர் கேட்கலாம்.

சொற்சேகரிப்பில் இறங்க எண்ணும் பிற கல்லூரி நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்பது எவ்வளவு பெரிய வட்டு வாங்கவேண்டும் என்பதைத்தான். நிறுவும் நாளிலேயே, அந்தக் கணினி எழுதப்போகும் ஏடுகள் எவை, எங்கே எழுதப்படும், எவை ஓ.மு., எவை நி.மு. என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறோம். தூம்பைக் கட்டி முடித்து நீரும் நிறைந்தபின் அடித்துளை செதுக்க இயலாது. கண்மாய் வற்றக் காத்திருக்கவேண்டும்.

இந்தச் சுழற்சி பங்குனியில் ஒழுங்குக்கு வந்தது. கணக்குப்படி புரட்டாசி நடுவில் இருபத்தேழாவது முறை சுழலும்போது முதல் ஏடு வெளியேறும். ஐப்பசி மழைக்குச் சற்று முன்பு. அன்று நாங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.